கோயில் உண்டியலில் மிஞ்சும் பணம் யாருக்குப் போக வேண்டும்? சுங்கை சிப்புட் வட்டார நண்பர்கள் கருத்துச் சொல்லுங்கள்

செம்பனைக்காடு:

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இதை இங்கேயே கேட்கிறேன். நம் பக்கத்துக் கோயில் ஒன்றில் கும்பாபிஷேகம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. பெயர் வேண்டாம், ஏனென்றால் இது ஒரு கோயிலைப் பற்றிய பேச்சு இல்லை. கோபுரம் அழகாக நிற்கிறது, மண்டபத்துக்குக் குளிர்சாதனம் போட்டாயிற்று, இப்போது வெள்ளி ரதத்துக்கு என்று மறுபடியும் நன்கொடைப் புத்தகம் வீடு வீடாக வருகிறது. அதே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த பிள்ளைகள் பதிவுக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் யார் யாரிடமோ கைமாற்று கேட்டு அலைகிறார்கள். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் வந்து சேர நாளாகிறது, கல்லூரியோ முதல் நாளே பணம் கேட்கிறது.

நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். சாமிக்குச் செய்வதைக் குறையுங்கள் என்று சொல்லவே மாட்டேன். நித்திய பூசை, திருவிழா, கட்டடப் பராமரிப்பு, அர்ச்சகர் சம்பளம் எல்லாம் போக, அதற்கு மேலும் வங்கியில் கிடக்கிறதே, அந்தப் பணத்தைத்தான் கேட்கிறேன். அது பிள்ளைகள் படிப்புக்கும் நோயாளிகளுக்கும் போக வேண்டும், போகிற கணக்கை ஊர் பார்க்க வேண்டும். என் கருத்து இவ்வளவுதான்.

இது நம் மரபில் இல்லாதது என்று சிலர் சொல்வார்கள். காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 1060களைச் சேர்ந்தது. கோயில் வருமானத்திலிருந்து ஒரு பள்ளி, மாணவர்களுக்கு விடுதி, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, அதற்கு ஒரு வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் ராசேந்திரன் காலத்தில் விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில் 340 மாணவர்களுக்குக் கோயில் சோறு போட்டுப் படிக்க வைத்தது. இன்றைக்குத் திருப்பதி தேவஸ்தானத்தின் ஆண்டுத் திட்டச் செலவு 5,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. லட்டுக்கும் மொட்டைக்கும் மட்டும் பெயர் போன இடம் இல்லை அது, ஸ்விம்ஸ் மருத்துவமனையையும் எலும்பு சிகிச்சைக்கான பேர்டு மருத்துவமனையையும் பல கல்லூரிகளையும் நடத்துகிறது. பணமுள்ள கோயில்கள் அங்கே செய்வதை இங்கே அந்தந்த அளவில் ஏன் செய்யக் கூடாது?

பழைய கிராணி:

தம்பி, நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் தோட்ட ஆபீசில் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) எழுதியவன். சம்பள நாளில் கோயில் சந்தா என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கையில் கொடுப்போம். பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவள், புல் வெட்டுகிறவள், மருந்தடிக்கிறவள், ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்? அது மாரியம்மாவுக்குப் போகிறது என்ற நம்பிக்கை. அவர்கள் மாரியம்மாவுக்கு என்று கொடுத்த காசை எடுத்து நாம் நல்ல காரியம் என்று நினைப்பதற்குச் செலவு செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பிள்ளை படிக்க வேண்டுமா, அதற்கென்று தனியாகக் கேளுங்கள், நானே கொடுக்கிறேன். சாமி பெயரைச் சொல்லி வாங்கிவிட்டு வேறு காரியத்துக்குத் திருப்பினால், கொடுத்தவர் மனம் நோகாதா?

இன்னொன்று, கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்தே தீரும். தமிழ்நாட்டிலிருந்து சிற்பி வர வேண்டும், வர்ணம் பூச வேண்டும், யாகசாலை போட வேண்டும். கையில் சேர்த்து வைக்காத கோயில் அப்போது எங்கே போகும்?

மின்னல்:

கோயிலை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? படிப்புக்கு அரசாங்கம் இருக்கிறது, இந்தியர்களுக்கான அரசாங்க அமைப்பு மித்ரா இருக்கிறது, கட்சிகள் இருக்கின்றன. ஓட்டு வாங்கியவர்களிடம் கேட்க வேண்டியதைப் பண்டாரத்திடம் கேட்டு என்ன பயன்.

லயத்துப் பொண்ணு:

மின்னல் அண்ணே, அவர்களிடமும் கேட்போம், விடப்போவதில்லை. ஆனால் நான் டயாலிசிஸ் நிலையத்தில் வேலை செய்கிறேன், அங்கே பார்ப்பதைச் சொல்கிறேன். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். சிகிச்சைச் செலவுக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) மூலமோ மற்ற நலநிதி மூலமோ பலருக்கு ஏதோ ஒரு வழி கிடைத்துவிடுகிறது. கிடைக்காதது வண்டி. தோட்டத்து உள்பகுதியிலிருந்து டவுனுக்கு வர பஸ் இல்லை, மகன் லோரி ஓட்டப் போய்விடுவான், கிராப் வாடகை வண்டி பிடித்து வந்து போக மாதம் முழுக்க எவ்வளவு ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வண்டி இல்லாததால் ஒரு முறை தவறவிட்டு, மூச்சுத் திணறி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் போகிறவர்களை நான் பார்க்கிறேன். முக்கால்வாசி நம் ஆட்கள். எல்லாரும் பக்தர்கள், நெற்றியில் திருநீறு இல்லாமல் வர மாட்டார்கள். இளமையில் தீமிதித்தவர்கள், காவடி எடுத்தவர்கள். அந்தக் கோயிலுக்கு ஒரு வேன் இருக்கிறது, தைப்பூசத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் ஓடுகிறது. மற்ற நாளில் கொட்டகையில் நிற்கிறது.

அந்த வேன் வாரத்தில் மூன்று காலை ஓடினால் மாரியம்மா கோபித்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றவில்லை, கிராணி ஐயா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மற்ற இனங்களைவிட இந்தியர்களிடம்தான் நீரிழிவு அதிகம் என்று தேசிய உடல்நல ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அன்னதானத்தில் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, பாயசம், கேசரி. வருகிறவர்களில் பாதிப் பேர் மாத்திரை போடுகிறவர்கள். கொஞ்சம் காய்கறியைக் கூட்டி, கேசரியைக் குறைத்து, வாசலில் மாதம் ஒரு தடவை இரத்தச் சர்க்கரை பார்க்க ஒரு மேசை போட்டால் அதுவும் தொண்டுதான். இதற்குப் பெரிய பணம்கூட வேண்டாம்.

ஈப்போ கணக்கர்:

கிராணி ஐயா சொன்னதில் சட்டப்படி ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு காரியத்துக்கென்று ரசீது போட்டு வாங்கிய பணம் அந்தக் காரியத்துக்குத்தான் போக வேண்டும். கும்பாபிஷேகத் திருப்பணி என்று புத்தகத்தில் அச்சடித்திருந்தால் அந்தப் பணத்தில் உபகாரச் சம்பளம் (மாணவர் உதவித்தொகை) கொடுக்கக் கூடாது, மிஞ்சினால் உறுப்பினர் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போட்டுத்தான் மாற்ற வேண்டும். ஆனால் உண்டியலில் விழுவதும், அர்ச்சனைச் சீட்டில் வருவதும், மண்டப வாடகையும் அப்படி இல்லை. அது பொது வருமானம். கோயிலின் சட்டவிதியில் நோக்கங்கள் என்ற பகுதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குள் எதற்கும் செலவழிக்கலாம். நான் கணக்கு பார்த்த கோயில்களில் பெரும்பாலானவற்றின் சட்டவிதியில் சமயம், கல்வி, சமூக நலன் மூன்றுமே இருக்கின்றன. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இங்கே பெரும்பாலான கோயில்கள் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்து 60 நாளுக்குள் கணக்கறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அதாவது கணக்கு எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிய கணக்கை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, செருப்பு விடும் இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டுவதற்கு என்ன தடை இருக்கிறது? எந்தச் சண்டையும் பணத்தால் வருவதில்லை, பணம் எவ்வளவு என்று தெரியாததால்தான் வருகிறது. பெட்டியில் இருபதாயிரம் இருக்கும்போது ஊர் இரண்டு லட்சம் என்று பேசும், இரண்டு லட்சம் இருக்கும்போது செயலவை இருபதாயிரம் என்று சொல்லும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அனுமதி வாங்கிய நிதிக்குக் கொடுக்கும் நன்கொடையை, வருமானத்தில் 10 விழுக்காடு வரை, வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கோயில் ஒரு கல்வி நிதியைத் தனியாக அமைத்து அந்த அனுமதியை வாங்கினால், ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் நல்ல வேலையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் தாராளமாகக் கொடுப்பார்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்க ஒழுங்கான கணக்கு வேண்டும். மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

தேர்வடம்:

நான் ஒரு கோயிலில் பொருளாளராக இருக்கிறேன், எந்தக் கோயில் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் பிறகு உண்டியலை எண்ணுகிற மேசையில் உட்காருகிறவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், வெளியிலிருந்து பார்த்தால் கோயில் பணக்காரக் கோயிலாகத் தெரியும். திருவிழா நாளில் ரொக்கமாக வருவதை எல்லாரும் பார்க்கிறார்கள், மற்ற மாதங்களை யாரும் பார்ப்பதில்லை. குருக்களும் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் இந்தியாவிலிருந்து வருகிறார்கள், அவர்களுக்கு வேலை அனுமதி, விமான டிக்கெட், தங்குமிடம், சம்பளம். கோயிலில் கூட்டிப் பெருக்குகிறவர், சமையல்காரர், காவலாளி. மின்சாரம், எண்ணெய், பூ, பால். பூவின் விலை தீபாவளி சமயத்தில் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். இதையெல்லாம் கட்டிவிட்டு மிஞ்சுவதைத்தான் வைப்பில் போடுகிறோம்.

அப்புறம், இங்கே யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. கோயில் நிற்கிற நிலம் யாருடையது? நம் வட்டாரத்துக் கோயில்களில் பாதி தோட்டக் கம்பெனி நிலத்தில் நிற்பவை. துரை காலத்தில் வாயால் கொடுத்த அனுமதி, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், பிறகு செம்பனையையும் வெட்டி வீடமைப்புக்கு விற்றார்கள், மக்கள் லயத்தைக் காலி செய்து தாமானுக்குப் போய்விட்டார்கள், கோயில் மட்டும் யாரோ ஒருவருடைய கிராண்டுக்குள் (நிலப் பட்டாவுக்குள்) மாட்டிக்கொண்டு நிற்கிறது. 2006, 2007இல் கோயில்கள் உடைபட்டதும், 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணியில் உரிமை கேட்டு மக்கள் திரண்டதும் நமக்கு மறந்துவிடவில்லை. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீஃபீல்ட் மாரியம்மன் கோயிலில் என்ன நடந்தது? அதுவும் பழைய தோட்டக் கோயில்தான். கோயிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை, நிலம்தான் மேம்பாட்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. கோயிலை இடம் மாற்றும் தகராறில் கலவரமே வெடித்தது, அந்த இரவுகளில் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

ஆகவே எங்கள் செயலவையில் நான் சொல்வது இதுதான்: கிராண்ட் இல்லாத கோயில் ஒரு காசைக்கூட கோபுரத்தில் போடக் கூடாது, ரதத்திலும் போடக் கூடாது, தம்பி சொல்கிற உபகாரச் சம்பளத்திலும் போடக் கூடாது. நில அலுவலகத்துக்கு நடந்து, நில அளவைக்குப் பணம் கட்டி, தேவையானால் வழக்கறிஞர் வைத்து, முதலில் நிலத்தைக் கோயில் பெயருக்கு மாற்ற வேண்டும். இன்னொருவர் நிலத்தில் பல லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கோபுரம் கட்டிவிட்டு, பிறகு நோட்டீஸ் வந்ததும் தெருவில் உட்காருவது எந்த ஊர் நியாயம்?

செம்பனைக்காடு:

பொருளாளர் அண்ணே, நிலம் முதலில் என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். உண்மையில் இந்த ஊருக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று நம் ஆட்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960இல், இதே சுங்கை சிப்புட்காரர், அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கியதுதான். 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்த மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் நம் ஊரில் நிற்கிறது. கூலிக்காரர்கள் பள்ளியும் நிலமும் என்று யோசித்த ஊர் இது. அவர்களைவிடக் கையில் அதிகப் பணம் வைத்திருக்கும் நாம் ஏன் ரதத்தோடு நின்றுவிட வேண்டும்?

ஆனால் கிராண்ட் கையில் இருக்கும் டவுன் கோயில்களும் இருக்கின்றன அல்லவா. என் கேள்வி அவர்களுக்குத்தான்.

கிராணி ஐயாவின் பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் தொகையைத் தொட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராசராசன் காலத்தில் செய்தது இதுதான். கோயிலுக்கு வந்த காசை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து வைப்பார்கள், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது 12.5 விழுக்காடு. அந்த வட்டியில்தான் சாமியின் திருமஞ்சன நீருக்கு ஏலமும் செண்பக மொட்டும் வாங்கினார்கள். காசு விவசாயத்துக்குப் போய் ஊரும் பிழைத்தது, சாமிக்கும் வாசனைத் தண்ணீர் கிடைத்தது. திருப்பதியில் 1985இல் தொடங்கிய அன்னதானத் திட்டமும் இப்படித்தான், நன்கொடையை வங்கியில் போட்டு வட்டியில் சோறு போடுகிறார்கள். நம் கோயில் கல்வி நிதி என்று ஒரு தொகையை ஒதுக்கி, வட்டியை மட்டும் எடுத்தால் சாமி காசு சாமி காசாகவே இருக்குமே ஐயா.

ஈப்போ கணக்கர்:

யோசனை நல்லதுதான், ஆனால் இன்றைக்கு நிரந்தர வைப்புக்கு வங்கி கொடுப்பது இரண்டரை, மூன்று விழுக்காடு. ஒரு லட்சம் வெள்ளி போட்டால் வருடத்துக்கு மூவாயிரம்கூட வருமா என்பது சந்தேகம். ஒரு பிள்ளைக்குப் பதிவுக் கட்டணமும் ஒரு தவணை விடுதியும் கட்டலாம், அதற்கு மேல் இல்லை. சோழர் காலத்து அரைக்கால் காசு இப்போது கிடையாது. ஆகவே வட்டியோடு சேர்த்து, ஆண்டு வருமானத்தில் இத்தனை பங்கு கல்விக்கு என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு வைப்பதுதான் நிற்கும். பங்கு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு வருடமும் வர வேண்டும். தலைவர் மாறினாலும் மாறாத மாதிரி சட்டவிதியிலேயே எழுதிவிட வேண்டும்.

சிராங்கூன் வாசி:

நான் சுங்கை சிப்புட்தான், வேலைக்குச் சிங்கப்பூர் வந்து ரொம்ப நாளாயிற்று. இங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்து அறக்கட்டளை வாரியம் நான்கு கோயில்களை நடத்துகிறது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன், சிராங்கூன் ரோடு பெருமாள், சிவன் கோயில், வைராவிமட காளியம்மன். வருடாவருடம் தணிக்கை செய்த கணக்கு வெளியே வருகிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதே வாரியம் சிறையிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் வெளியே வருகிறவர்களுக்கு ஓர் இடைநிலை இல்லம் நடத்துகிறது, பாலர் பள்ளி நடத்துகிறது. தீமிதித் திருவிழாவில் ஒரு குறையும் இல்லை, யாரும் சாமி காசு கெட்டது என்று சொல்லவில்லை.

நம் நாட்டிலேயே பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் 1906 முதல் இருக்கிறது. தண்ணீர்மலைக் கோயில் அவர்கள் பொறுப்பில்தான். வருடாவருடம் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். பேராக்கில் ஏன் அப்படி ஒன்று இல்லை?

பழைய கிராணி:

வாரியம் என்றதும் எனக்குத் தமிழ்நாடு நினைவுக்கு வருகிறது. அங்கே 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் கோயில்கள் அறநிலையத் துறையின் கீழ் இருக்கின்றன. 2021இல் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பெயரில் கொளத்தூரில் கல்லூரி திறந்தார்கள், அது வழக்காகி நீதிமன்றம் போனது. 2025இல் கோயில் பணத்தில் திருமண மண்டபம் கட்ட அரசு போட்ட ஆணைகளை மதுரை உயர்நீதிமன்றக் கிளை ரத்து செய்தது, பக்தர் கொடுத்தது அதற்கு இல்லை என்றுதான். கல்லூரி கெட்டதா? இல்லை. முடிவெடுத்தது யார் என்பதுதான் கேள்வி. கொடுத்தவர்களைக் கேட்காமல் அதிகாரி முடிவெடுத்தால், இன்றைக்குக் கல்லூரி, நாளைக்கு வேறு எதுவோ.

இங்கே நம் கோயில்கள் நம் கையில் இருக்கின்றன. சண்டை போட்டுக்கொண்டாலும் நாம்தான் போட்டுக்கொள்கிறோம். அதை எந்த வாரியத்திடமும் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் உறுப்பினர்கள் கூடி, கை தூக்கி, இந்தப் பங்கு பிள்ளைகளுக்கு என்று முடிவு செய்தால் அது வேறு. அது கொடுத்தவர்களே சொன்னது. அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், தம்பி. கல்வி நிதி என்று தனி உண்டியலே வையுங்கள். முதல் நோட்டு என்னுடையதாக இருக்கட்டும்.

ஐந்தாம் படிவம்:

அண்ணன்மார்கள், அக்காமார்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த வருடம் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறேன். எங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், அதனால் நானும் சொல்கிறேன்.

உதவி கொடுக்கும்போது தயவுசெய்து மேடையில் ஏற்றாதீர்கள். போன வருடம் என் தோழிக்கு ஓர் இடத்தில் இருநூறு வெள்ளி கொடுத்தார்கள். அவளையும் அவள் அம்மாவையும் மேடையில் நிற்க வைத்து, பெரிய அட்டைக் காசோலையைப் பிடிக்கச் சொல்லி, பேசியவர்கள் எல்லாரும் அவள் அப்பா இறந்ததைப் பற்றியே பேசினார்கள். படம் முகநூலில் இன்னும் இருக்கிறது. அவள் அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குப் போவதே இல்லை. வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள், நாங்கள் நன்றி மறக்க மாட்டோம்.

அப்புறம் பணத்தைவிட எங்களுக்கு இப்போது வேண்டியது இடம். வீட்டில் இரண்டு அறை, தம்பி தங்கை, தொலைக்காட்சி, பாட்டிக்கு இருமல். கோயில் மண்டபம் கல்யாணம் இல்லாத நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது. குளிர்சாதனம்கூட வேண்டாம், காற்றாடியும் விளக்கும் போதும். ஏழு மணி பூசை முடிந்து பத்து மணி வரை திறந்து விட்டால், நாங்கள் இருபது பேராவது வந்து படிப்போம். யாராவது கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது. தெருவில் நிற்கிற பையன்களும் சிலர் உள்ளே வருவார்கள்.

லயத்துப் பொண்ணு:

தங்கச்சி, நீ சொன்னதைப் படித்து மனசு கனத்துவிட்டது. மேடை விஷயத்தை எல்லாக் கோயில் செயலவைக்கும் அனுப்ப வேண்டும்.

சாமியையும் படிப்பையும் சேர்த்து வைப்பது நம்மிடம் புதிது இல்லை. ஸ்ரீ முருகன் நிலையம் 1982 முதல் அதைத்தானே செய்கிறது. அது கோயில் இல்லை, ஆனால் முருகன் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைத்தது. மண்டபம், ஆசிரியர், பிள்ளைகள் மூன்றும் நம் ஊரில் இருக்கின்றன.

மின்னல்:

மண்டபம் திறக்கிற விஷயத்துக்கு நான் முழு ஆதரவு. நான் பொறியியல் படித்தவன், செவ்வாயும் வியாழனும் கணிதம் எடுக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சில் விடுபட்ட ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்பனைக்காடு சொன்ன திருமுக்கூடல் மருத்துவமனை யாருக்காகக் கட்டியது? அந்தக் கோயிலில் வேலை செய்தவர்களுக்கும் அங்கே படித்த மாணவர்களுக்கும். கோயில் தன் ஆட்களை முதலில் பார்த்துக்கொண்டது. இங்கே எத்தனை கோயில்களில் கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு ஊழியர் சேமநிதி கட்டுகிறார்கள்? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பாத்திரம் கழுவுகிற அக்காவுக்கு அது கிடைக்கிறதா? கேட்டால் அது சாமி சேவை என்கிறார்கள். சேவை செய்ய வந்தவர் வேறு, வயிற்றுக்காக வேலைக்கு வந்தவர் வேறு. வெளியே தர்மம் செய்வதற்கு முன்னால் இதைச் சரி செய்யுங்கள்.

தேர்வடம்:

மின்னல் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் கோயிலில் முழுநேர ஆட்களுக்குச் சேமநிதி கட்டுகிறோம், பகுதிநேர ஆட்களுக்கு இல்லை. கொண்டு வர வேண்டும்.

சின்னத் தோட்டக் கோயில்களையும் மறந்துவிடாதீர்கள். மக்கள் எல்லாரும் டவுனுக்கு வந்த பிறகு, உள்ளே நாலு குடும்பம், ஒரு முனியாண்டி, ஒரு காளியம்மன், வாரம் ஒரு தடவை விளக்கேற்ற ஒரு தாத்தா. அங்கேயும் உண்டியல் இருக்கிறது, அதில் விழுவது எண்ணெய்க்குக்கூடப் போதாது. டவுன் கோயிலில் கொட்டுகிற பணம் அந்தத் தோட்டத்து ஆட்களின் பிள்ளைகளுடையதுதான். மிஞ்சுகிற பணத்தில் ஒரு பங்கு அந்தக் கோயில்களின் நிலப் பத்திர வேலைக்குப் போக வேண்டும் என்று நான் கேட்பேன். முடியாத இடத்தில் சிலைகளை முறையாக எழுந்தருளச் செய்து ஒரே இடத்தில் சேர்ப்பதற்காவது உதவ வேண்டும்.

வேன் பற்றி: எங்களிடமும் ஒரு வேன் இருக்கிறது. ஓட்டுநர், காப்புறுதி, நோயாளிக்கு வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதெல்லாம் பார்க்க வேண்டும். லயத்துப் பொண்ணு தங்கச்சி, எந்தெந்த தோட்டத்திலிருந்து எத்தனை பேர், எந்த நாள், எந்த நேரம் என்று பெயர் இல்லாமல் ஒரு பட்டியல் எழுதிக் கொடும்மா, செயலவையில் வைக்கிறேன். மண்டபம் எளிது. மின்சாரச் செலவைத் தவிர வேறொன்றும் இல்லை, அதற்கு ஆண்டுக் கூட்டம்வரை காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த செயலவைக் கூட்டத்திலேயே கேட்கிறேன். பொறுப்பாகப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பார்கள்.

பழைய கிராணி:

நான் உட்காருகிறேன். பணி ஓய்வு பெற்றவனுக்கு ஏழிலிருந்து பத்து வரை வேறென்ன வேலை. சாவியை என்னிடம் கொடுங்கள்.

செம்பனைக்காடு:

மிக்க நன்றி ஐயா. நன்றி எல்லாருக்கும்.

நான் வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு தீர்மானம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கணக்கைச் சுவரில் ஒட்டுவது ஒன்று. கிராண்ட் வேலை முடிந்த கோயில் என்பதால், ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கைக் கல்விக்கும் நோயாளி வண்டிக்கும் ஒதுக்குவது இன்னொன்று. எத்தனை விழுக்காடு என்பதைக் கூட்டம் முடிவு செய்யட்டும். வெள்ளி ரதம் வேண்டாம் என்று தீர்மானம் போடவில்லை, ரதத்துக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கட்டும்.

கணக்கர் அண்ணே, சட்டவிதியில் சேர்க்க வாசகம் எழுதித் தர முடியுமா? எத்தனை நாளுக்கு முன்னால் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

ஈப்போ கணக்கர்:

எழுதித் தருகிறேன். கால அவகாசம் கோயிலுக்குக் கோயில் மாறும், உங்கள் சட்டவிதிப் புத்தகத்தைச் செயலாளரிடம் வாங்கிப் பாருங்கள், உறுப்பினர் கேட்டால் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் ஒன்று. சந்தா கட்டாத உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. இந்த இழையில் எழுதியவர்களில் எத்தனை பேர் இந்த வருடச் சந்தாவைக் கட்டியிருக்கிறீர்கள்?

மின்னல்:

நான் கட்டவில்லை. நாளைக்கே கட்டுகிறேன், வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து.